அமெரிக்க மாப்பிள்ளையின் சுற்றளவு

தமிழ் சினிமா அமெரிக்க மாப்பிள்ளைக்குப் பெரிய அநியாயம் செய்திருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு கோட்டு சூட்டோடு வந்து இறங்குவார். கதாநாயகியைக் கதாநாயகனிடம் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த விமானம் ஏறிவிடுவார். அதுகூடப் போகட்டும். அந்த வேடத்துக்கு ஏன் ஒடிசலான ஆளாகவே பார்த்துப் பிடிக்கிறார்கள்? டெக்சாஸில் டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் ஒரு சனிக்கிழமை மதியம் இந்திய மளிகைக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

நியாயமாகச் சொன்னால், அமெரிக்காவில் போய் இறங்கும் அன்று மாப்பிள்ளை ஒடிசல்தான். பாஸ்போர்ட் படத்தில் கன்ன எலும்பு தெரியும். சென்னையில் இருந்தவரை உடற்பயிற்சி என்று ஒன்றை அவர் செய்ததே இல்லை. நேரம் ஏது? காலையில் 29சி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அது நிறுத்தத்தில் நிற்காது, நாலு கடை தள்ளித்தான் நிற்கும். சில நாள் நிற்பதுபோல் ஒரு பாவனை மட்டும் காட்டும். ரயிலில் போய் மாம்பலத்தில் இறங்கினால் மேம்பாலப் படிகளில் ஏறி, ஊர்ச் சனத்தோடு மல்லுக்கட்டி ரங்கநாதன் தெருவில் விழ வேண்டும். கரண்ட் போனால் மூன்று மாடி ஏற வேண்டும். தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு ஏற வேண்டும். இதையெல்லாம் யாரும் எண்ணவில்லை. கைக்கடிகாரம் அப்போது மணி மட்டும்தான் காட்டியது.

டெக்சாஸில் முதல் மாதம் அவரிடம் கார் இல்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒரு மைல் தள்ளியிருக்கும் கடைக்குக் கிளம்பினார். பாதி வழியில் நடைபாதை மறைந்து புல்தரை வந்தது. புல்தரையும் தீர்ந்து ஆறு தடச் சாலை வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி காரை நிறுத்தி, "வண்டி ரிப்பேரா? உதவி வேண்டுமா?" என்று மெய்யாகவே கவலையோடு கேட்டார். கால் இருக்கிறது, நடக்கிறான் என்று அந்தப் பாட்டிக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரமே மாப்பிள்ளை பழைய கேம்ரி ஒன்றை வாங்கினார். அவருடைய கால்களுக்கு அன்றோடு பணி ஓய்வு.

காரை விட்டு இறங்காமலே அங்கே காப்பி வாங்கலாம், மாத்திரை வாங்கலாம், வங்கியில் செக் போடலாம். லாஸ் வேகஸில் காரில் உட்கார்ந்தபடியே கல்யாணம்கூட முடித்துவைக்கிறார்கள். எனவே மாப்பிள்ளை நடப்பது படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து கராஜுக்கு, கார் நிறுத்துமிடத்திலிருந்து இருக்கைக்கு. இதில் கடைசித் தூரத்தையும் குறைக்கத்தான் அவர் பாடுபடுவார். கடை வாசலுக்கு நேர் எதிரே இடம் கிடைக்கும்வரை நாலு சுற்றுச் சுற்றுவார். ஜிம் வாசலிலும் அப்படித்தான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்குத் தெரிந்த கதை. ஆனால் ஒன்று: அவரைக் குண்டாக்கியது பர்கர் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். பர்கரை அவர் மூன்றாவது மாதத்திலேயே கைவிட்டுவிட்டார். குண்டாக்கியது நம்ம ஊர்ச் சாப்பாடு, அமெரிக்க அளவில். 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை, ஃப்ரீசர் நிறைய மலபார் பரோட்டா, கேலன் கணக்கில் பால். கும்பகோணம் டிகிரி காப்பி வராத ஏக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுத்தபடி, பாதிப் பாலும் பாதி க்ரீமுமான 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' ஊற்றிக் கலப்பார். காப்பி என்னவோ அமிர்தமாகத்தான் இருக்கிறது. காஸ்ட்கோவில் ஹாட் டாகும் சோடாவும் சேர்த்து ஒன்றரை டாலர், 1980-களிலிருந்து விலை ஏறவில்லை. மைலாப்பூரில் முழுக் காப்பி என்ன விலைக்குப் போய்விட்டது என்று அறிந்த ஒரு தமிழனால் அதைப் பார்த்தும் பாராததுபோல் நடந்துவிட முடியுமா?

வெள்ளிக்கிழமை இரவு பாட்லக். பத்துக் குடும்பம் வரும். ஒவ்வொரு குடும்பமும் பத்துக் குடும்பத்துக்குப் போதுமான ட்ரேயோடு வரும். மிஞ்சியதை அலுமினியத் தாளில் சுற்றிப் பங்கு பிரிப்பார்கள். தன் வீட்டு பிரியாணியைக் கொண்டுபோனவர் அடுத்த வீட்டு பிரியாணியோடு திரும்புவார். ஞாயிறு வரைக்கும் தாங்கும்.

ஆண்கள் வட்டத்தில் பேச்சு முதலில் கிரீன் கார்டு, பிறகு வீட்டுக் கடன் வட்டி, குலாப் ஜாமூன் வந்ததும் ஏ1சி. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் அந்த எண் 5.7-ஐத் தொட்டால் சர்க்கரை நோயின் வாசற்படி, 6.5 என்றால் உள்ளே வந்து உட்கார்ந்தாயிற்று. "எனக்கு 5.6" என்பவர் ப்ளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கியவர் முகத்தோடு இரண்டாவது ஜாமூனை எடுப்பார். ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. என்கிற உயரம் எடைக் கணக்கில் 25 வரை காத்திருக்கக் கூடாது, 23-லேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே எழுதிவைத்திருக்கிறது. நம் உடம்பு கொழுப்பைக் கை காலில் காட்டாமல் வயிற்றில் பதுக்குகிற ரகம். மாப்பிள்ளைக்கு இது தெரியாமல் இல்லை. எல்லாப் படிவத்திலும் 'ஏசியன்' கட்டத்தில் டிக் அடிக்கிறவர், இந்த அட்டவணையில் மட்டும் அமெரிக்கர்.

அளவைகளிலும் அவருக்கு இரட்டைக் குடியுரிமை உண்டு. பெட்ரோலை கேலனிலும், தூரத்தை மைலிலும், வெயிலை ஃபாரன்ஹீட்டிலும் சொல்லப் பழகிப் பல வருடம் ஆயிற்று. எடையில் மட்டும் தாய்நாட்டை மறக்கவில்லை. 190 பவுண்டு என்று மருத்துவர் சொன்னால், மனைவியிடம் வந்து "86" என்பார். குறைந்தால் கதை வேறு. அஞ்சு கிலோ குறைந்தால், "11 பவுண்டு டவுன் மச்சி!"

ஆம், குறைக்கவும் செய்வார். அவரைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். உடம்பைக் குறைக்க அவர் படும் பாட்டில் பாதி பட்டிருந்தால் நான் என்றோ ஐ.ஏ.எஸ். ஆகியிருப்பேன். முதலில் ட்ரெட்மில் வந்தது. கராஜில் கார் நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தினார். வெளியே கொடி கட்டித் துணி காயப்போட அவருடைய குடியிருப்புச் சங்கம் அனுமதிக்காது. கைத்தறிப் புடவையை ட்ரையரில் போட அவர் மனைவி அனுமதிக்க மாட்டார். ஒரே மாதத்தில் ட்ரெட்மில்லின் இரண்டு கைப்பிடிக்கும் சரியான உபயோகம் கிடைத்தது. நடுவில் அரிசி மூட்டை.

அடுத்து பேலியோ டயட். காலையில் 100 பாதாம், எண்ணிச் சாப்பிட வேண்டும். காஸ்ட்கோவில் மூன்று பவுண்டுப் பையில் பாதாம் வருவது இதற்காகத்தான் என்று அவர் நம்பினார். டீயில் வெண்ணெய் போட்டுக் குடித்தார். நிஜமாகவே இளைத்தார். பிறகு ஒரு தலை தீபாவளி விருந்தில் அத்தனையும் திரும்பி வந்தது. அதற்கப்புறம் 16 மணி நேரப் பட்டினி. அம்மா சஷ்டிக்கு விரதம் இருந்தபோது "அல்சர் வந்துடும்மா, இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று கத்தியவர், இப்போது விரதத்துக்கு ஆப் வைத்திருக்கிறார். மாதச் சந்தா வேறு.

கடைசியில் கடிகாரம் வந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் "எழுந்து நில்" என்று அதட்டுகிற கடிகாரம். மனைவி சொல்லி எழாதவர் அது சொன்னால் எழுகிறார். நாளைக்கு 10,000 அடி என்பது வேதவாக்கு. இந்த எண்ணை எந்த மருத்துவரும் பிரிஸ்கிரிப்ஷனில் எழுதித் தரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-இல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று விற்ற அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. அதனால் என்ன? இரவு 11 மணிக்கு 9,412 காட்டினால் மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையைப் பிரதட்சிணம் செய்வார். அதுவும் முடியாத நாளில் கடிகாரம் பையனின் மணிக்கட்டுக்கு மாறும். அவன் தூங்கப் போகும் முன் ஓடுகிற ஓட்டத்தில் ஐந்தே நிமிடத்தில் அப்பாவின் கணக்கு நிறைந்துவிடும்.

ஊருக்கு வருவது தனிப் படலம். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. மூன்றாவது பெட்டி இடுப்பில், அதற்கு விமானத்தில் கட்டணம் கிடையாது. விமான நிலையத்தில் அம்மா அவரைப் பார்த்த மாத்திரத்தில், "என்னடா இப்படி எளச்சுப் போயிட்டே" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அம்மாக்களின் தராசு வேறு தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பேலியோ காலத்தில் மெய்யாகவே இளைத்து வந்தாரே, அந்த வருடம் யாரும் மெச்சவில்லை. "சுகரா தம்பி?" என்று பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். சித்தப்பா அதைவிடத் தாழ்த்தி, "வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றார். அந்த அவப்பெயரைத் துடைக்கவே மூன்று வாரமும் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் மாப்பிள்ளை இல்லை, அவர் அப்பா. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிக்காரர். தெருமுனையில் பால் பாக்கெட் வாங்கக்கூட டிவிஎஸ் ஃபிஃப்டியில் போகிறவர். ஆறு மாதம் தங்கலாம் என்ற முத்திரையோடு பிளேனோவுக்கு வந்தார். அங்கே அவருக்கு டிவிஎஸ் ஃபிஃப்டி இல்லை, லைசென்ஸ் இல்லை, பகல் முழுக்கப் பேச ஆளும் இல்லை. என்ன செய்வார்? நடந்தார். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவும், 20 டிகிரி செல்சியஸிலேயே தலையில் ஏறிவிட்ட குரங்குக் குல்லாயுமாகக் காலையில் ஏரியைச் சுற்றினால், எதிரே அதே ஷூ அதே குல்லாயில் குண்டூரிலிருந்து வந்த தாசில்தார், புனேயிலிருந்து வந்த வங்கி மேனேஜர். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு மொழி சரியாக வரவில்லை. மருமகள்களைப் பற்றிப் பேச அது தடையாக இருந்ததும் இல்லை. காலையில் இரண்டு சுற்று, சாயங்காலம் இரண்டு சுற்று. நாலாவது மாதம் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பிபி மாத்திரையைப் பாதியாக்கலாமா என்று ஊர் டாக்டர் போனில் யோசித்தார்.

மகன் இதைக் கவனித்தாரா என்று தெரியாது. ஒரு சாயங்காலம் ஏரிக்கரையில் அப்பா பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

"ஏறுங்கப்பா."

"எங்கடா கிளம்பிட்டே?"

"ஜிம்முக்கு. இங்கதான், அரை மைல்."

"அங்க போய் என்ன பண்ணுவே?"

"நடக்கணும்ப்பா. இன்னும் நாலாயிரம் பாக்கி இருக்கு."

அப்பா குனிந்து, காரை ஒரு தரம், மகனை ஒரு தரம் பார்த்தார்.

"நீ முன்னாடி போய் பார்க்கிங் தேடு. நான் நடந்து வந்துடறேன்."