போன வருடக்காரர்

நார்வேயின் வடபகுதியில் இருக்கும் லோஃபோட்டன் தீவுகளுக்குப் பிப்ரவரி மாதம் படம் பிடிக்கப் போகும் எந்தக் குழுவிலும் ஒருவர் போன வருடமும் வந்தவராக இருப்பார். அவரைத் தேடி நீங்கள் சிரமப்பட வேண்டாம். விமான நிலையத்தில் உங்கள் பெட்டி வருவதற்குள் அவர் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் குழுவுக்கு வாய்த்தவர், ஓய்வுபெற்ற ஒரு டச்சுப் பல் மருத்துவர். என் ட்ரைபாடைக் கண்டதும் குனிந்து, இரண்டு விரலால் பிடித்து, கடைவாய்ப் பல்லை ஆட்டுவதுபோல ஆட்டிப் பார்த்தார். "காற்றடித்தால் நிற்காது" என்றார். பிடுங்கிவிடலாம் என்று சொல்லாததுதான் பாக்கி.

அவர் உடுப்பு மைனஸ் 40-க்குத் தைத்தது. லோஃபோட்டன் 68-ஆவது அட்சரேகையில், துருவ வட்டத்தையும் தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவரும் வெப்ப நீரோட்டத்தின் தயவால், நடுக்குளிர்காலத்திலும் கடலோரத்தில் பெரும்பாலும் பூஜ்ஜியத்தையொட்டித்தான் குளிர். பனி விழும், அதன்மேல் மழை பெய்யும், இரவில் இரண்டும் சேர்ந்து கண்ணாடியாக உறையும். இங்கே ஆளைச் சாய்ப்பது குளிரல்ல, வழுக்கல். செருப்பாணி மாதிரி முள் வைத்த பட்டையைக் காலணியில் மாட்டிக்கொண்டு நாங்கள் சமாளித்தோம். அவரோ வேனுக்குள் இட்லிப் பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டதற்கு, "போன வருடம் எவ்வளவு குளிர் தெரியுமா?" என்றார்.

முதல் நாள் விடிவதற்குள் ஹாம்நோய் பாலம். மரக்கால்கள்மேல் நிற்கும் சிவப்பு மீனவக் குடில்கள், முன்னால் கடல், பின்னால் செங்குத்தாக மலை. அந்தப் படத்தை நீங்கள் ஏதாவது ஒரு காலண்டரில் பார்த்திருப்பீர்கள். உலகத்தில் அந்தப் படம் இல்லாதவர்கள் அன்று காலை பாலத்தில் நின்ற நாங்கள் இருபது பேர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். கல்யாணப் பந்தியில் துண்டு போடுவதுபோல இருட்டிலேயே ட்ரைபாடுகளை வரிசையாக நட்டிருந்தோம். நம்மவர் கம்பியைத் தடவித் தடவிக் குறிப்பிட்ட ஓர் ஆணியைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே நின்றார். போன வருடம் நின்ற இடமாம்.

"இதே படத்தை அப்போதே எடுத்துவிட்டீர்களே?"

"எடுத்தேன். மேகம் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்தது. அதைச் சரி செய்யத்தான் வந்தேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி போயிற்று. பாலம் அதிர்ந்தது. முப்பது விநாடிக்கு ஷட்டரைத் திறந்து வைத்திருந்த இருபது பேரும் ஒரே மூச்சாக "ச்சே" என்றார்கள். மொழிகள்தான் வேறு.

வழியெல்லாம் காட் மீன் காயும் மரப்பந்தல்கள். பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் மீனைப் பிடித்து, தலையைத் தனியே எடுத்து, வாலோடு வால் கட்டி வெயிலிலும் காற்றிலும் தொங்கவிடுகிறார்கள். துளி உப்பில்லாத கருவாடு. மே மாதம்வரை அப்படியே தொங்கும். தலைகளும் வீண்போவதில்லை, கப்பலேறி நைஜீரியாவுக்குப் போகின்றன. கருவாட்டு மூக்கோடு பிறந்தவன் ஆதலால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் பந்தலைச் சுற்றி வந்து, "போன வருடம் இன்னும் ஒழுங்காகத் தொங்கவிட்டிருந்தார்கள்" என்றார்.

இவ்வளவுக்கும், அவர் சொல்லித் தந்ததெல்லாம் உபயோகமானதுதான். பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வை. வெளியே குளிர்ந்த கேமராவை வீட்டுக்குள் அப்படியே கொண்டுவராதே, பையில் போட்டு மூடிக் கொண்டுவா. இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது பாடத்தை மூன்றாம் நாள் இரவு, கடற்கரையிலிருந்து திரும்பிய கையோடு, அடுப்போரம் நின்று கால்மணி நேரம் விளக்கினார். கையில் தன் கேமராவை வைத்துக்கொண்டே விளக்கினார்.

பிறகு செல்போனைப் பார்த்தார். துருவ ஒளிக்குப் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பதுவரை கேபி என்று ஒரு கணக்கு உண்டு. "இன்று இரண்டுதான். போன வருடம் ஆறு. போய்த் தூங்குங்கள்."

குப்பை கொட்ட வெளியே போன விடுதிக்கார அம்மாள் கதவைத் தட்டி, "மேலே பார்த்தீர்களா?" என்றாள். இந்த அட்சரேகைக்கு இரண்டே தாராளம், மேகம் விலகினால் போதும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஓடினோம். வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பச்சைச் சேலையை யாரோ உதறிக் காயப்போட்டதுபோல அலை அலையாக இறங்கிற்று. நான் வாய் பிளந்து நின்றேன். காற்றில்லாததால் என் ட்ரைபாடும் நின்றது. நம்மவர் லென்ஸில் கோத்திருந்த நீர் வெளிக்குளிரில் உறைபனியாகியிருந்தது. அவர் வானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மப்ளரால் அதைத் துடைத்துக்கொண்டே, "பச்சை என்பது ஆக்சிஜன், நூறு கிலோமீட்டர் உயரத்தில். இருநூறுக்கு மேலே போனால் அதே ஆக்சிஜன் சிவப்பு" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது மேலே நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன.

காலையில் காப்பிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் படம் ஒன்றில் அவர் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அனுப்ப முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். அனுப்பினேன். வானம் முழுக்கப் பச்சை. கீழே, சிறியதாக, குனிந்த ஒரு முதுகு.

நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் படத்தை விரித்து, வலது மூலைக்குக் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஓரத்தில் கூர்மை போதவில்லை. அடுத்த வருடம் வாருங்கள், சொல்லித் தருகிறேன்."