அஞ்சாநெஞ்சர்

படம் எப்படி இருந்தது என்று கேட்டால் கதையைச் சொல்ல மாட்டார், நடிப்பைச் சொல்ல மாட்டார். "பயமே வரல" என்பார். பேய்ப்படத்துக்கு அவர் தரும் முழு விமர்சனமும் அந்த இரண்டு சொல்தான். ‘யாவரும் நலம்’ பார்த்தாலும் பயமே வரல. ‘டிமான்டி காலனி’ பார்த்தாலும் பயமே வரல. பயமுறுத்துவதைவிட நம்மைக் கலங்கவைப்பதையே பெரிதாக நினைத்த மிஷ்கினின் ‘பிசாசு’க்கும் அதே தீர்ப்பு. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்த ‘காஞ்சனா’வைப் பார்த்துவிட்டு வந்தும், "என்னமோ பெருசா சொன்னாங்க, பயமே வரல" என்று உதட்டைப் பிதுக்குவார். இதில் கவனிக்க வேண்டியது அந்த ஏகாரத்தை. "பயம் வரல" என்றால் அது படத்தைப் பற்றிய கருத்து. "பயமே வரல" என்றால் அது தன்னைப் பற்றிய அறிக்கை. இயக்குநர் தோற்றார் என்பது பாதிச் செய்திதான். இவர் ஜெயித்தார் என்பது மீதி. இலக்கணம் இதைத் தேற்ற ஏகாரம் என்கிறது. இவர் வாயில் அது மீசை முறுக்கும் ஏகாரம்.

இந்த வீரம் எந்தக் களத்தில் விளைந்தது என்றும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ஜன்னல் திறந்திருக்கிறது, அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, உள்ளங்கையளவு செல்போனில் படம் ஓடுகிறது. கதாநாயகி இருட்டு மாடிப்படியில் கால்வைக்கும்போது இவருக்குச் சரியாக வாட்ஸ்அப் ஞாபகம் வரும். கதவு கிறீச்சிடும்போது சத்தத்தைக் குறைப்பார். கேட்டால், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாம். பீரோ தானாகத் திறக்கிற நேரத்தில் விரலால் தட்டிப் பத்து விநாடி தாண்டிவிடுவார். கேட்டால், ஒரே இழுவையாம். 1960இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். பயம் என்பது முதல் காட்சியிலிருந்தே செங்கல் செங்கலாகக் கட்டப்படுவது என்று அவருக்குத் தெரியும். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்று முதலில் நினைத்திருந்தவர், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்திக் கருவிகளை வைத்து அமைத்ததைக் கேட்ட பிறகு மனம் மாறினார். ஒரு நிமிஷம்கூட நீடிக்காத அந்தக் கத்திக்குத்துக்கு ஏழு நாள் படப்பிடிப்பு. அத்தனை பேர் உழைப்பையும் சத்தம் குறைக்கும் பட்டனால் முறியடித்துவிட்டு, "பயமே வரல" என்கிறார் நம்மவர். வாய்க்காலை அடைத்துவிட்டு விதைநெல்லைக் குறைசொல்வது இதுதான்.

அதே ‘சைக்கோ’வைப் பற்றி அவரிடம் இன்னொரு தகவலும் கைவசம் உண்டு. "அது ரத்தமே இல்ல சார், சாக்லேட் சிரப்பு." உண்மைதான், கறுப்பு வெள்ளையில் அதுதான் ரத்தமாக எடுபட்டது. ஆனால் இதை அவர் சொல்லும் தோரணையைப் பார்த்தால், அந்தக் காலத்து ரசிகர்கள் எல்லாம் நடிகை நிஜமாகவே செத்துப்போனாள் என்று நம்பிப் போலீஸில் புகார் கொடுத்ததுபோலவும், இவர் ஒருவர்தான் குட்டை உடைத்ததுபோலவும் இருக்கும். பேயைக் காட்டாமல் எடுத்தால், "கடைசி வரைக்கும் பேயே வரலையே" என்பார். காட்டினால், "கிராபிக்ஸ் ரொம்ப மட்டம்" என்பார். 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா, கடல்நீரில் இறங்கியதும் அடிக்கடி மக்கர் செய்தது. ஸ்பீல்பெர்க் வேறு வழியில்லாமல் சுறாவை ஒளித்துவைத்து, தண்ணீரையும் இசையையும் மட்டும் காட்டியே பார்ப்பவர்களுக்குக் கடலில் கால்வைக்கத் தயக்கம் வரும்படி செய்தார். நம்மவர் கேள்வி, "சுறா ஏன் இவ்ளோ லேட்டா வருது?" என்பது. வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம் என்றால், குற்றம் பேய் மேலும் இல்லை, சுறா மேலும் இல்லை.

பயம் ஆளுக்கு ஆள் வேறுபடும், வராததை வந்ததாகவா சொல்லச் சொல்கிறீர்கள் என்று அவருக்காக யாராவது வாதாடலாம். நியாயம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று மெய்யாகவே நம்புகிறவர், பயந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "இதுக்கா பயந்த?" என்று கேட்க மாட்டார். இவர் கேட்பார். அதற்காகத்தான் படமே பார்க்கிறார். இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது: பழைய படங்களின் உத்திகள் நமக்குப் பழகிவிட்டன, அவற்றுக்குக் கூர் மழுங்கிவிட்டது. இதையும் ஒப்புக்கொள்ளலாம், மழுங்கியது எப்படி என்றும் சேர்த்துக் கேட்டால். 2005இல் ‘சந்திரமுகி’யைப் பார்த்து, பிறகு 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழு’வைப் பார்த்துவிட்டு, "அப்படியே சந்திரமுகி மாதிரியே இருக்கு, புதுசா ஒண்ணும் இல்ல" என்கிறவர் இவர். சுவரில் தொங்கும் தாத்தா போட்டோவைப் பார்த்து, பேரன் மூக்கைக் காப்பியடித்துவிட்டார் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அம்மி தேய்ந்திருந்தால், அந்த வீட்டில் நிறையப் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே போகலாம். ஒன்றுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எஸ். பாலசந்தர் 1954இல் எடுத்த ‘அந்த நாள்’, ஒரு பாட்டுகூட இல்லாமல், ராஜனைச் சுட்டது யார் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நகர்கிற படம். சந்தேகம் ஒவ்வொருவர் மேலாகத் தாவிப்போவதுதான் அதன் சுவை. எழுபது வருஷம் கழித்து ஒரு இளைஞன், "இன்னிக்கு ராத்திரி பாக்கப்போறேன்" என்று சொன்னால், இவர் ஒரே வாக்கியத்தில் விடையைச் சொல்லி, "எனக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோச்சு" என்றும் சேர்த்துக்கொள்வார். தனக்குப் பயம் வராதது அவர் சொந்த விஷயம். அடுத்தவருக்கு வரவிருந்த பயத்தை, திகைப்பை, கடைசிக் காட்சியில் நிமிர்ந்து உட்காரும் அந்த ஒரு கணத்தை எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. அதைத் திருப்பித் தரவும் முடியாது. ஒரு படத்தை முதல்முறை பார்ப்பது ஒருமுறைதான் வாய்க்கும்.

இருந்தாலும் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பயமே இல்லாத மனிதர் எதற்காக ஒவ்வொரு பேய்ப்படமாகத் தேடித் தேடிப் பார்க்கிறார்? நாக்கில் உறைப்பு செத்துப்போனவர்தான் கடை கடையாக மிளகாய் பஜ்ஜி தேடி அலைவார். இந்த இனத்தாரிடம், சின்ன வயதில் எந்தப் படத்துக்குப் பயந்தீர்கள் என்று கேட்டால் போதும், குரல் இறங்கிவிடும். படத்தின் பெயர், தியேட்டரின் பெயர், தரை டிக்கெட்டில் யார் மடியில் முகத்தைப் புதைத்தார், அன்று ராத்திரி கொல்லைப்புறம் போக யாரைத் துணைக்கு எழுப்பினார் என்று எல்லாம் வரிசையாக வரும். சாக்லேட் சிரப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்தப் படம் இப்போது யூடியூபிலேயே கிடைக்கிறதே, மறுபடி பார்த்தீர்களா என்று கேட்டால், காலை பதினொரு மணிக்கு உலகத்துப் பேய்களையெல்லாம் தோற்கடித்த மனிதர், "எங்க, டைமே கிடைக்கல" என்பார். அந்த ஏகாரத்துக்கு மீசை இல்லை.