மூன்றாம் இருக்கை இலக்கணம்: ஆகாய மரபும் செட்டிகுளம் மரபும்

பாயிரம்

சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்புகள் வேண்டும், மேலும் மூன்றைச் சேர்த்துச் சொல்வாரும் உளர் என்கிறது நன்னூல். பின்னால் யாரும் குறை சொல்லாதபடி எல்லாவற்றையும் முதலிலேயே ஒப்பித்துவிடுகிறேன். ஆக்கியோன்: வண்டி ஓட்டத் தெரியாதவன், ஆகவே நடுநிலையாளன். வழி: பார்த்ததும் கேட்டதும். எல்லை: கிழக்கே அரியலூர் சிமென்ட் ஆலைகள், மேற்கே துறையூர், தெற்கே திருச்சி பால்பண்ணை வெங்காய மண்டி, வடக்கே கோயம்பேடு, மேலே 35,000 அடி. நூற்பெயர்: தலைப்பில் காண்க. யாப்பு: உரைநடை, அதுவும் டீசல் வாடையோடு. நுதலிய பொருள்: ஓட்டத் தெரிந்த ஒருவர், இன்னொருவர் ஓட்டும் வண்டியில், காசு கொடுக்காமல், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போகும்போது காக்க வேண்டிய ஒழுக்கம். கேட்போர்: டிரைவர்களும் அவர்கள் வீடு திரும்பக் காத்திருப்பவர்களும். பயன்: பத்திரமாகப் போய்ச் சேர்தல். காலம்: இரவு பத்துக்கு மேல். களம்: செட்டிகுளம். காரணம்: விமானிகளின் இந்த ஒழுக்கத்தைப் பற்றி உலகம் எவ்வளவோ பேசிவிட்டது, லாரி கேபினைப் பற்றி நம் புலவர்கள் இன்னும் வாய் திறந்தபாடில்லை.

களமும் மாந்தரும்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் பிரிந்து உள்ளே போனால் செட்டிகுளம். குன்றின் மேலிருக்கும் தண்டாயுதபாணி இங்கே கையில் கரும்பு பிடித்திருக்கிறார். கீழே ஊர்க்காரர்கள் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சின்ன வெங்காயத்தில் தமிழ்நாட்டின் முன்வரிசை மாவட்டம் பெரம்பலூர். மாவட்டத் தலைநகருக்கோ ரயில் கிடையாது. ஆகவே இங்கே விளைந்ததெல்லாம் டயரில்தான் ஊரைவிட்டுப் போக வேண்டும். கொண்டுபோனவர்களும் ஏதாவது ஒரு டயரில்தான் திரும்பி வர வேண்டும். நம் ஆய்வு அந்தத் திரும்பி வருவதில்தான் பிறக்கிறது.

திரும்புவோர் மூவகை. முதலாமவர் ஆக்டிங் டிரைவர்: யாருடைய காரையோ தாம்பரத்தில் விட்டு, சாவியைக் கொடுத்து, பேட்டாவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர். இரண்டாமவர், வழியில் லாரி ஒர்க்‌ஷாப்பில் படுத்துக்கொண்டதால் ‘நீ ஊருக்கு வந்துடு, ரெடியானதும் சொல்றேன்’ என்று முதலாளியால் கழற்றிவிடப்பட்டவர். மூன்றாமவர் புதுச் சேஸ் ஓட்டுகிறவர்: கேபின் கட்டாத வெறும் சட்டத்தில் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றோடும் பூச்சியோடும் வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்தவர். மூவரிடமும் பஸ்ஸுக்குக் காசு உண்டு. அதை உடைக்காமல் வீடு சேர்வதே கலை.

ஆகாயத்திலும் இதே கதைதான். விமானிகள் இருவருக்கும் பின்னால், மடக்கி விரிக்கும் இருக்கை ஒன்று உண்டு; அதற்கு ஜம்ப்சீட் என்று பெயர். ஓர் ஊரில் குடும்பம், இன்னோர் ஊரில் டூட்டி என்று வாழும் அமெரிக்க விமானிகள் நெடுங்காலமாக அதில் ஓசியில் பயணம் செய்கிறார்கள். டிக்கெட் விலையில் கழுத்தை அறுத்துக்கொள்ளும் போட்டிக் கம்பெனிகள்கூட இந்த இருக்கையில் மட்டும் சம்பந்திகள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இந்த வழக்கம் நின்றுபோனது. வருகிறவர் உண்மையிலேயே விமானிதானா என்று கணினியில் சரிபார்க்கும் ஏற்பாடு வந்த பிறகே மறுபடி உயிர்பெற்றது.

விதிகள்

விதி 1. கேட்டு ஏற வேண்டும். கேட்க வேண்டியது ஓட்டுகிறவரை.

உரை: ஆகாயத்தில், கம்பெனி சரி என்றாலும் கேப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வருகிறவர் காக்பிட் வாசலில் நின்று பெயர் சொல்லி, அடையாள அட்டையும் லைசென்ஸும் காட்டி, ‘வரலாமா’ என்று கேட்க வேண்டும். நெடுஞ்சாலையில் அட்டைக்கு மதிப்பில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, வண்டி வேகம் எடுக்கும் முன் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பவர், இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். அதுதான் அவர் லைசென்ஸ். லாரி நின்றதும் வாய்மொழித் தேர்வு நடக்கும்.

“அண்ணே, பாடாலூர் பிரிவு வரைக்கும்.”

“என்ன வண்டிப்பா ஓட்டுற?”

“ஆக்டிங்ணே. கார் விட்டுட்டு வர்றேன்.”

“எந்த ஊரு?”

“செட்டிகுளம்ணே.”

“வெங்காயமா! ஏறு, ஏறு.”

செய்முறைத் தேர்வு அதற்கப்புறம். தொழில் தெரிந்தவர் படியில் ஒரு கால், கைப்பிடியில் ஒரு கை, ஒரே மூச்சில் உள்ளே வந்துவிடுவார். கதவை ஒரே இழுப்பில், பூட்டு விழும் அளவுக்கு மட்டும் சாத்துவார். மற்றவர்கள் மூன்று தரம் அடித்துச் சாத்துவார்கள். மூன்றாவது அடியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதற்காக இறக்கிவிட மாட்டார்கள். ஆனால் ‘தம்பி’யாக ஏறியவர் அந்த நொடியிலிருந்து ‘சார்’ ஆகிவிடுவார். இத்தொழிலில் ஒருவரைத் தள்ளிவைப்பதற்கு இதைவிட மரியாதையான வழி இல்லை.

விதி 2. விருந்தாளியின் வலக்கால் அடங்கியிருக்க வேண்டும்.

உரை: இவ்வியலின் உயிர்நாடி இதுவே. முன்னால் போகும் டாரஸ் லாரி சட்டென்று பிரேக் லைட் போடுகிறது. ஓட்டுகிறவர் அதைப் பார்த்தாயிற்று, என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அரை நொடிக்குள், பக்கத்தில் இருப்பவரின் வலது பாதம் தகரத் தரையை ஓங்கி மிதிக்கிறது. அங்கே பெடல் எதுவும் கிடையாது. கேபினில் இருவருக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது. இருவரும் கேட்காததுபோல் ரோட்டைப் பார்க்கிறார்கள். ‘உன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை’ என்பதை வாயால் சொன்னால்கூடச் சமாதானம் பேசிக்கொள்ளலாம். காலால் சொன்னதற்குப் பரிகாரம் கிடையாது. தேர்ந்த விருந்தாளி ஏறியதும் காலைச் சற்று மடக்கி வைத்துக்கொள்வதன் நுட்பம் இது. ‘கியர் மாத்துங்கண்ணே’ என்று வாய்விட்டுச் சொல்லும் கொடியவர்களும் உளர். அவர்கள் அடுத்த டோல்கேட்டில் இறங்குவர்.

விதி 3. பேசக் கூடாதபோது பேசுவதும், பேச வேண்டியபோது வாய் மூடுவதும் ஒரே குற்றம்.

உரை: 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்தது. இறங்கும் நேரத்திலும் விமானிகள் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. 1981-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதி போட்டது: 10,000 அடிக்குக் கீழே, ஏறும்போதும் இறங்கும்போதும், விமானத்தை ஓட்டத் தேவையான பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது. மூன்றாம் இருக்கைக்காரரும் ஊர்க்கதையை மேலே போய்த்தான் அவிழ்க்க வேண்டும்.

லாரி மரபு இதைத் தலைகீழாகத் திருப்பிப்போடுகிறது. மண்டிச் சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் மௌனம். மற்றபடி பேச்சே கட்டணம். அதிலும் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே விருந்தாளி வாயை மூடினால் வண்டியே மௌனமாகிவிடும். பேசத்தக்க பொருள்கள்: டீசல் விலை, டோல் கட்டணம், ஆர்.டி.ஓ. அலுவலகம், முதலாளியின் கஞ்சத்தனம் (இது மட்டும் திண்டிவனத்திலிருந்து பெரம்பலூர் வரை தாங்கும்). பேசத்தகாதவை: ‘போன மாசம் இதே வளைவுலதான்’ என்று தொடங்கும் எல்லாம்.

ஒருவருக்கு வாய் மூடுவதும் மற்றவருக்கு வாய் திறப்பதும் எப்படி ஒரே விதியாகும் என்று கேட்பார்க்கு: ஓட்டுகிறவரின் கவனத்தைக் காப்பதே இரண்டிலும் நோக்கம். விமானத்தில் பேச்சு அதைத் தின்னும். லாரியில் தூக்கம் அதைத் தின்னும்.

விதி 4. இடப்பக்கத்துக் கண் விருந்தாளியுடையது.

உரை: கிளீனர் இல்லாத வண்டிகள் பெருகிவிட்டன. இடது பக்கம் நுழையும் பைக்கை முதலில் பார்க்க வேண்டியவர் ஓசியில் வந்தவர்தான். ‘லெஃப்ட்ல ஆள்’ என்று இரண்டு சொல், அவ்வளவே. ரிவர்ஸ் என்றால் கேட்காமலே இறங்கிப் பின்னால் போய், ‘வா, வா, வா, ஹோல்டான்’ சொல்ல வேண்டும்.

கண்ணின் விலையை ஆகாயம் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறது. 2018 அக்டோபர் 28 அன்று பாலித் தீவின் டென்பசாரிலிருந்து ஜகார்த்தா புறப்பட்ட லயன் ஏர் 737 மேக்ஸ், ஏறிய சற்று நேரத்திலிருந்து மூக்கைத் தானாகக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தது. அன்று மூன்றாம் இருக்கையில் டூட்டி இல்லாத ஒரு விமானி இருந்தார். இரண்டு பேர் விமானத்தோடு மல்லுக்கட்ட, மூன்றாமவர் கைவேலை இல்லாமல் பார்க்க முடிந்தது. விமானம் ஊர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அதே விமானம், அதே கோளாறு, வேறு விமானிகள், மூன்றாமவர் இல்லை. 189 பேரும் போய்விட்டார்கள். அந்த விபத்துக்கு சென்சார், மென்பொருள், பழுதுபார்த்த விதம் என்று காரணங்கள் பல. ஆனாலும் ஓசி இருக்கையை வெறும் சலுகை என்று நினைப்பவர்கள் அந்த இரண்டு நாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

1989 ஜூலை 19 அன்று ஹைட்ராலிக் முழுவதையும் இழந்த யுனைடெட் 232 விமானத்தில், பயணிகளோடு உட்கார்ந்து வந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி முன்னால் போய் ‘நான் ஏதாவது செய்யட்டுமா’ என்று கேட்டார். இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. சூ சிட்டியில் விழுந்து நொறுங்கிய அந்த விமானத்தின் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அவர் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார் என்பதை முதல் விதியோடு சேர்த்துப் படிக்க.

விதி 5. டீ விருந்தாளி செலவு.

உரை: ஓட்டுகிறவர் ‘இருக்கட்டும்பா’ என்று தடுப்பார். ‘இல்லண்ணே, நான் குடுக்குறேன்’ என்று முந்த வேண்டும். தடுப்பது அவர் கடமை, முந்துவது இவர் கடமை. வடையும் சேர்த்துக் கொடுப்பது சிறப்பு. பஸ் காசைக் கொடுப்பதோ பெருங்குற்றம். கொடுத்த கணமே அவர் டிரைவர் அல்லர், பயணி.

தடைகளும் விடைகளும்

தடை 1: சட்டம் இதை ஏற்குமா? விடை: ஏற்காது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சரக்கு வண்டியில் கட்டணமில்லாமல் ஏறியவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்த்துவிட்டது. ஆகாயமும் தளர்த்தவில்லை. 2023 பிப்ரவரி 27 அன்று துபாய்–டெல்லி விமானத்தில், பயணியாக வந்த ஒருவரைக் காக்பிட்டில் உட்காரவைத்த விமானியின் லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கப்பட்டது. ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். ஆகவே இந்நூல் நடப்பதைச் சொல்லுகிறதே அன்றி, ‘ஏறுங்கள்’ என்று யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

தடை 2: தொழில்காரன் என்பதால் மட்டும் நம்பிவிடலாமா? விடை: கூடாது. 1994 ஏப்ரல் 7 அன்று ஃபெடெக்ஸ் 705 சரக்கு விமானத்தின் ஜம்ப்சீட்டில் வந்தவர் அதே கம்பெனி ஊழியர்தான். கிட்டார் பெட்டிக்குள் சுத்தியல்களும் மீன் குத்தும் துப்பாக்கியும் கொண்டுவந்து விமானிகளைத் தாக்கினார். மண்டை உடைந்த நிலையிலும் விமானிகள் அவரை அடக்கி, விமானத்தை மெம்பிஸில் இறக்கினார்கள். வாய்மொழித் தேர்வின் அருமை இங்கே விளங்கும்.

தடை 3: பக்கத்துத் தொழில்காரர்களுக்கு இந்த உரிமை உண்டா? விடை: அரசு பஸ்ஸில் ‘ஸ்டாஃப்’ என்ற ஒரு சொல்லுக்கு டிக்கெட் கிழிவதில்லை, அது போக்குவரத்துக் கழகத்தார்க்கு. 2024 மே மாதம் நாங்குநேரியில் அரசு பஸ் ஏறிய ஒரு போலீஸ்காரர் கண்டக்டரிடம் டிக்கெட் எடுக்க மறுத்தார். பயண வாரன்ட் இருந்தால்தான் இலவசம் என்றது போக்குவரத்துத் துறை. அதன்பின் ஊர் ஊராக அரசு பஸ்களுக்கு சீட் பெல்ட் இல்லை, நோ பார்க்கிங் என்று போலீஸ் அபராதங்கள் விழுந்தன. உயரதிகாரிகள் பேசிய பின், அந்தக் கண்டக்டரும் போலீஸ்காரரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள். தோழமை ஒரு தொழிலுக்குள் ஓடும். வேலி தாண்டினால் வழக்காகிவிடும்.

தடை 4: லாரிக்கே வாடகை கொடுத்த வெங்காயக்காரர் கேபின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார, ஓசியில் வந்தவர் கியருக்குப் பக்கத்தில் சம்மணமிடுவது முறையா? விடை: முறையே. முன்னவர் சரக்குக்குக் கொடுத்தார். பின்னவர் பயணத்துக்குக் கொடுக்கிறார்.

முடிபு

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவது: மூன்றாம் இருக்கையில் டிக்கெட்தான் கிடையாது, கட்டணம் உண்டு. அதைக் கண்ணாலும் வாயாலும் அடங்கிய வலக்காலாலும் கட்ட வேண்டும். மரியாதை என்று நாம் சொல்லுவது இங்கே உபசாரமல்ல, பிரேக்கைப்போல் ஓர் உதிரிப்பாகம். ஆகவே இதை ‘இலவசப் பயணம்’ என்று எழுதுவோர் தம் ஏடுகளைத் திருத்திக்கொள்க.

கட்டணம் கட்டாமல் தூங்கிவிட்ட விருந்தாளியை என்ன செய்வது என்பதில் மட்டும் இரு கொள்கைகள் நிலவுகின்றன. தட்டி எழுப்பிப் பேச வைக்க வேண்டும் என்பது ஒன்று. மற்றது டாரஸ்காரர்களுடையது: அவரை எழுப்பவே கூடாது. சிறுவாச்சூர் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, தாம் இறங்கி, டீயோடு இரண்டு வடையும் ஒரு ஆம்லெட்டும் சாப்பிட்டுவிட்டு, கடைக்காரரிடம் கேபினைக் காட்டி, “காசு அவர் குடுப்பாரு” என்று சொல்ல வேண்டும். எழுப்பும் வேலையைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். இந்நூலுக்கு உடன்பாடு இரண்டாவதே.