முன்பெருக்கி விசாரம்

மகளிர் கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்னும் ஐயத்தின்பொருட்டுப் புலவர் ஒருவர் நெற்றிக்கண்ணின் வெம்மைக்கு ஆளாக நேர்ந்த கதையைத் திருவிளையாடற் புராணத்தின்வழி அறிந்த மதுரை மாந்தர்க்கு, டிஜிட்டல் கருவி தரும் இசையை நேரே பவர் ஆம்புக்குள் செலுத்தலாமா, இடையே பிரீஆம்ப் என்னும் முன்பெருக்கியை நிறுத்த வேண்டுமா என்று இக்காலத்து இசைப்பிரியர் எழுப்பும் ஐயம் சிறிதும் வியப்பளிக்காது.

பிரத்தியட்சப் பிரமாணம்: முன்பெருக்கி இசைக்கு உடம்பு தரும் என்பர், எந்த உறுப்பு என்று வினவினால் கோபிப்பர்.

அநுமானப் பிரமாணம்: ரெக்கார்டு பிளேயரின் ஊசி எழுப்புவது சில மில்லிவோல்ட்டே ஆதலின், அங்கே முன்பெருக்கி இன்றியமையாதது. 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி. பிளேயரோ ஏறக்குறைய 2 வோல்ட் தருவது. பெரும்பாலான பவர் ஆம்ப்கள் அவ்வளவிலேயே முழு வலிமையை எட்டிவிடுவன. ஆகவே, இவ்விரண்டற்கும் இடைப்பட்ட முன்பெருக்கி வந்ததைக் குறைத்துக் கொடுக்கும் உத்தியோகமே பார்க்கிறது.

ஆப்தவாக்கியமே இவ்விசாரத்தின் உயிர்நிலை. சமயநல்லூர்ப் பக்கத்து மைக்செட்காரர் ஒருவர் பழைய பில்லின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பொன்று அடியேனிடம் உள்ளது (இனி 'பில் ஏடு'). 'பிரீஆம்ப் வேண்' என்பதுவரை தெளிவு, அப்பால் டீக்கறை. மறைந்தது 'டும்' என்று ஒரு சாராரும், 'டா' என்று மற்றொரு சாராரும் பாடங்கொள்வர் (பில் ஏடு, பின்புறம், கறைக்கு வலப்பால், ஒப்புநோக்குக: அதே ஏடு, முன்புறம், 'வாடகை பாக்கி'). கறையின் விட்டத்தை நூல்பிடித்து அளந்து, அது கண்ணாடி டம்ளரினதன்று, எவர்சில்வர் டம்ளரினதே என்று துணிந்து, அதனால் ஏட்டின் காலத்தை வரையறுத்தார் ஒருவர். சாயத்தின் அடர்த்திகொண்டு ஏடு இன்னும் தொன்மையுடைத்து என நாட்டினார் மற்றொருவர். கறையே இடைச்செருகல் என்றார் மூன்றாமவர். மூவருக்கும் முனைவர் பட்டம் கிட்டியது, நெறியாளர் ஒருவரே. எழுதியவர் உயிரோடுதான் இருக்கிறார், கேட்டால் சொல்லிவிடுவாரே என்று அடியேன் கருத்தரங்கில் விண்ணப்பித்தபோது, அஃது ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது என்று தலைவர் மணியடித்து அமர்த்திவிட்டார்.

ஆயினும் கேட்டேன். கலியாண வீட்டு வாசலில், போனின் ஒலியை முழுதும் ஏற்றி, பின்னைச் செருகி, மிக்சரின் திருகைச் சிவப்பு டேப் ஒட்டிய இடம்வரை திருப்பிக்கொண்டே அவர் சொன்னார்: "போன்ல ஒத்தப் பாட்டு மட்டும்னா எதுக்குங்கய்யா? மைக்கு வந்துருச்சுன்னா மிக்சர் போட்டுத்தான் ஆகணும்." மைக் தருவதும் சில மில்லிவோல்ட்டே, மிக்சரினுள் உறைவதும் முன்பெருக்கியே. முப்பெரும் பட்டங்களும் காணாத உண்மை ஒரு திருகில் முடிந்தது.

இனிச் சித்தாந்தம். ஒரே டிஜிட்டல் கருவி, அதிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி, குறுகிய கம்பி ஆகிய மூன்றும் வாய்த்தவர்க்கு முன்பெருக்கி வேண்டா. டிஜிட்டலில் குறைத்தால் இசை தேயும் என்பாரின் அச்சமும் பெரிதன்று: ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்பது கணக்காதலின், 16 பிட் இசையை 24 பிட் கருவியில் 48 டெசிபல் வரை ஒரு பிட்டும் உதிராமல் இறக்கலாம். ரெக்கார்டு பிளேயரும் மைக்கும் உடையோர் வாங்குக. கைதவறி ஒலியை முழுதும் ஏற்றிவிடும் பிள்ளைகள் உள்ள வீட்டாரும், ஸ்பீக்கரின்மேல் இரக்கம்வைத்து, இடையே ஒரு திருகேனும் பொருத்திக்கொள்க. ஏனையோர் அப்பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுக. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை பொதுவிடத்து ஒலிபெருக்கியைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டின் விதியோ, முன்பெருக்கி உடையார், இலார் என்னும் வேறுபாட்டை அறியாது.