ஜெமினியில் நின்றது, கிண்டியில் ஓடியது

ரேஸ் குதிரைக்குச் சிலை வைப்பது உலகத்தில் புதிதல்ல. ஜெயித்த குதிரைக்கு, அது ஓடிய மைதானத்திலேயே வைப்பார்கள். மெல்போர்னின் ஃபிளெமிங்டனில் ஃபார் லாப் நிற்கிறது. லிவர்பூலை ஒட்டிய எயின்ட்ரீயில் ரெட் ரம் நிற்கிறது. இனிமேல் எந்தக் குதிரையும் ஜெயிக்க வேண்டாம் என்று ஒரு குதிரைக்குச் சிலை வைத்தது நம் ஊரில்தான்.

சென்னை ஜெமினி மேம்பாலத்தின் ஓரத்தில், திமிறி எழும் குதிரையைக் கடிவாளம் பிடித்து அடக்கும் மனிதனைப் பார்த்திருப்பீர்கள். எப்போதாவது அது யார் குதிரை, யார் அந்த ஆள் என்று யோசித்ததுண்டா? அந்தக் குதிரை கிண்டி ரேஸ் குதிரை. அடக்கும் ஆள், தமிழ்நாடு அரசு.

1973 ஜூன் 9ஆம் தேதி நியூயார்க் பெல்மாண்ட் மைதானத்தில் செக்ரடேரியட் என்ற குதிரை ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, இரண்டாவதாக வந்ததை 31 குதிரை நீளம் பின்னால் விட்டது. அடுத்த ஆண்டே ஜான் ஸ்கீப்பிங் என்ற சிற்பி அதை வெண்கலத்தில் வடித்தார். பெல்மாண்ட் ஓட்டம் முடிந்து மூன்று வாரத்தில், ஜூலை 1ஆம் தேதி, இங்கே ஜெமினி மேம்பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நமக்கும் குதிரை ஞாபகம் வந்தது. அங்கே ஓடுகிற குதிரையை வடித்தார்கள். நாம் ஓடவிடாமல் பிடித்திருக்கும் குதிரையை வடித்தோம். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கும் சட்டம் 1974இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த வெற்றிக்குச் சாட்சியாகத்தான் சிலை.

எங்கள் வீட்டில் இந்தச் செய்தியை மாமி கொண்டாடினாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மாம்பலத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில் பிடிக்கிற ஆசாமி. ரேஸ் நாளில் காலையிலேயே சட்டைப் பையில் மடித்த ரேஸ் புத்தகம், காதில் பென்சில். குதிரையின் அப்பன் யார், ஆத்தாள் யார், போன தடவை என்ன எடை தூக்கியது, எந்த ஜாக்கி என்று அவர் கோடு போட்டு அடித்துத் திருத்துவதைப் பார்த்தால், சி.ஏ. பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று வெளியாள் நினைப்பான். சொந்தப் பிள்ளைகளின் பிறந்த நாள் அவருக்குத் தெரியாது.

"இது சூதாட்டம் இல்லடா. மூணு சீட்டு இல்ல. கணக்கு, படிப்பு, திறமை" என்பார் என்னிடம்.

சமையலறையிலிருந்து மாமியின் குரல் வரும்: "குதிரைக்குத் திறமை இருக்கு. ஜாக்கிக்குத் திறமை இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதிரைகள் கடந்தபோது சத்தம் காதில் கேட்பதற்கு முன் உள்ளங்காலில் தெரிந்தது. நாலைந்து விநாடிதான். தூசி அடங்கியதும் பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி டிக்கெட்டைக் கிழித்துப் போட்டார்கள். மாமா மட்டும் கிழிக்கவில்லை; போட்டோ ஃபினிஷ் அறிவிப்புக்காகக் காத்திருந்தார். முடிவு வந்தது. பிறகு அவரும் கிழித்தார். திரும்பும் வழியில் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்து, "மாமிகிட்ட மிருகக்காட்சிசாலைக்குப் போனோம்னு சொல்லு" என்றார். ஒரு வகையில் பொய்யில்லை.

அந்த நாளில் பந்தயம் ஒழுக்கக்கேடு என்று சொன்ன அரசு, தெருவுக்குத் தெரு லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1968இல் அண்ணா தொடங்கிவைத்த திட்டம். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அதன் முழக்கம். மாமாவுக்கு இதில்தான் பெரிய மனக்குறை. "நான் தோத்தா மட்டும் ஏன் நாட்டுக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

சிலை எழும்பியது, குதிரை நிற்கவில்லை. மெட்ராஸ் ரேஸ் கிளப் நீதிமன்றப் படியேறியது. வழக்கு நடந்தது, அதன் பக்கத்திலேயே ரேஸும் நடந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு வேறு வழி பார்த்தது. ஒழிக்க முடியாவிட்டால் கிளப்பையே எடுத்துக்கொள்வோம் என்று இன்னொரு சட்டம் போட்டது. அதுவும் டெல்லிக்குப் போனது. ஜெமினியில் அந்த ஆள் கடிவாளத்தை விடாமல் பிடித்திருந்தான். சில கிலோமீட்டர் தள்ளி, கிண்டியில், அவன் பிடித்ததாகச் சொன்ன குதிரைக்கு ஜாக்பாட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1996 ஜனவரி 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் இவற்றை எடை போட்டுக் கட்டும் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டல்ல, திறமை சார்ந்தது என்றது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் கிளப்பின் ரேஸைக் கட்டுப்படுத்தாது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது. மாமா இருபது வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் வாதாடியதைத்தான் நீதிபதிகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். பேப்பரை மடித்து மாமியின் முன்னால் வைத்தார். மாமி படித்தாள். "சரி, உங்க திறமைக்கு எவ்வளவு மிச்சம்?" என்று மட்டும் கேட்டாள். அந்த வழக்கில் மாமாவுக்கு மேல்முறையீடு கிடையாது.

அன்றைக்கு ரேஸ் ஒழிப்புச் சின்னமாக நின்ற சிலை இன்றைக்கு முழுநேர வழிகாட்டி. 'ஜெமினி குதிரைகிட்ட நில்லுங்க, வந்துடறேன்' என்று சொல்லாத சென்னைவாசி உண்டா? வெளியூர்க்காரர்கள் அதை ஏதோ ராஜா காலத்துக் குதிரை வீரன் என்று நினைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். விளக்கம் கேட்ட ஒரு கல்லூரிப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். "அப்போ கிண்டில ரேஸ் கோர்ஸ்னு ஒரு ஸ்டாப் இருந்ததே அங்கிள்?" என்றாள். ஐம்பது வருட அரசியல் வரலாற்றை ஒரு பஸ் ஸ்டாப்பில் முடித்துவிட்டாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை வந்தது. அதே ஆண்டின் கடைசியில் டாஸ்மாக் சில்லறை மதுக்கடைகளைத் திறந்தது. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறக்கும் என்பது நம் கஜானாவுக்கும் பொருந்தும். பிறகு செல்போன் வந்தது. மாமாவின் பேரன் கிண்டி எந்தத் திசை என்று அறியாதவன். சோபாவில் சாய்ந்தபடி ஆன்லைன் ரம்மி ஆடுவான். தமிழ்நாடு அரசு அதையும் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ரம்மி கம்பெனிகளின் வக்கீல்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் எது தெரியுமா? கிண்டி குதிரை வழக்கின் 1996 தீர்ப்புதான். பந்தயத்தை ஒழிக்கப் போட்ட சட்டம் ஒரு தீர்ப்பைப் பெற்றது. அந்தத் தீர்ப்பு ஊரிலுள்ள சீட்டாட்டக் கம்பெனிக்கெல்லாம் குடை பிடித்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே வேண்டாம், காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துவதே தப்பு என்று நாடாளுமன்றம் சட்டம் போட 2025 ஆகஸ்ட் வரை ஆனது. மாமியின் வாதத்துக்கு டெல்லி வந்து சேர அத்தனை காலம்.

கிண்டி மைதானத்துக்குப் பெரிய அடி கடைசியில் விழுந்தது வேறு திசையிலிருந்து. 1945 முதல் 99 வருடக் குத்தகை. 160 ஏக்கருக்கு மேல் நிலம். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. அதை உயர்த்தியதில் சேர்ந்த பாக்கி 730 கோடி என்று கணக்குக் காட்டி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலுக்குச் சீல் வைத்தது. ஊட்டி ரேஸ் மைதானத்தை அதற்கு முன் ஜூனிலேயே எடுத்துக்கொண்டிருந்தது. கிண்டியில் பூங்கா வரும் என்று அறிவிப்பு. கிளப் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது. பழக்கம்.

ஆக, ஒழுக்கம் என்று சொல்லித் தொட முடியாத குதிரையை வாடகை பாக்கி என்று சொல்லித் தொட்டார்கள். சட்டமும் சிலையும் சாதிக்காததை ரெவின்யூ நோட்டீஸ் செய்துகாட்டியது.

பூங்காவில் நடைப்பயிற்சிப் பாதை போட்டால் நான் நிச்சயம் போவேன். அங்கே எதையாவது ஒழித்ததாகச் சிலை வைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், என் மாமாவிடமிருந்து ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: போட்டோ ஃபினிஷ் முடிவு வரும்வரை பொறுத்திருங்கள்.