மாப்பிள்ளை வாங்கின மூணாவது நோட்டு

வாங்க மாப்ளே, உக்காருங்க. கையில என்ன, புது நோட்டா? அட்டை வழவழன்னு கன்னுக்குட்டி காது மாதிரி இருக்கே. போன தை மாசம் ஒண்ணு வாங்குனீங்க, அதுல மூணு பக்கம். ஆடியில ஒண்ணு வாங்குனீங்க, அதுல உங்க பேரும் போன் நம்பரும். இது மூணாவது. தப்பா நினைக்காதீங்க, பொண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையைக் குறை சொல்லலாமா? எண்ணினேன், அவ்வளவுதான். ஆடு எண்ணிப் பழகின கண்ணு, எதைப் பாத்தாலும் எண்ணும்.

தினமும் எழுதணும், வீட்டுல முடியலைங்கீங்க. நியாயந்தான். அஞ்சரைக்குப் பால் பாக்கெட், ஆறுக்கு மோட்டார் போடணும், ஏழுக்குப் பயலோட ஒத்தைச் சாக்ஸைத் தேடணும், எட்டரைக்கு நீங்க மந்தைவெளி ஸ்டேஷன் படியில ஓடணும். சாயங்காலம் வந்தா எதிர்வீட்டு டிவி நம்ம வீட்டுக்கும் சேத்துப் பேசுது. இதுக்கு நடுவுல நீங்க பட்ட பாட்டையும் பாத்தேனே! மேசை வாங்குனீங்க. வெளிச்சம் இடப்பக்கம் விழணும்னு அதைத் திருப்புனீங்க. திருப்பினதும் ஃபேன் காத்து தாளைத் தூக்குச்சு. ஃபேனை நிறுத்தினா வேர்த்துச்சு. அப்புறம் ஏசிப் பேச்சு வந்துச்சு. ஒரு வரி எழுத ஒண்ணரை டன்! இப்ப அந்த மேசை மேல என்ன இருக்கு? இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு எங்க ஊர்ல ஒரு... சரி விடுங்க, அது ஆடுறவளுக்குச் சொன்னது. நமக்கெதுக்கு?

இந்த இடத்துக்கு மந்தைவெளின்னு பேரு வச்சவன் என்னை மாதிரி ஆளாத்தான் இருக்கணும். மாட்டு மந்தை மேஞ்ச வெளி. இப்ப மந்தையும் இல்ல, வெளியும் இல்ல. மெட்ரோவுக்குத் தோண்டின மண்ணும் தகரத் தடுப்பும் இருக்கு. ஆனா மார்க்கெட்டுப் பக்கம் ஒத்தை மாடு ஒண்ணு நிக்கும், கவனிச்சிருக்கீங்களா? முட்டைக்கோஸ் இலை விழுந்தா தின்னும். ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சா ரெண்டடி நகரும். நகந்துட்டு மறுபடி தின்னும். ரோடு காலியாகட்டும், புல்லு முளைக்கட்டும், அப்புறம் மேயலாம்னு அது ஒருநாளும் நின்னதில்ல. கிடைச்சதைப் போட்டுக்கிட்டுப் போயி, ராத்திரி படுத்து அசை போடுது. நீங்க என்னடான்னா, அசை போட இடம் தேடுறீங்க, இன்னும் ஒரு இலை தின்னபாடில்ல.

புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒருத்தர் இருந்தாரு. பிரெஞ்சு கவர்னர் துப்ளே துரைக்கு துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர். உங்களுக்கு ஆபீசுல ஒரு மேனேஜர். பிள்ளைக்குத் துரையும் உண்டு, அவரைக் கண்டா ஆகாத துரைசாணியும் உண்டு. சொந்த யாவாரம், கடன்காரங்க, கோட்டைச் சண்டை, வீட்டு நல்லது கெட்டது எல்லாம் ஒரே தலையில. அந்த மனுஷன் 1736-ல நாள்குறிப்பு எழுத ஆரம்பிச்சு 1761-ல சாகுற வரைக்கும் விடலை. அப்படி என்ன எழுதினாரு? இன்ன கப்பல் வந்துச்சு, இத்தனை பீரங்கி போட்டாங்க, இன்னார் வந்து இன்னது பேசுனாங்க. யாவாரி பேரேடு எழுதுற மாதிரிதான். 'இன்னிக்கு ஒரு காவியம் படைச்சிடணும்'னு உக்காந்திருந்தா முதல் மாசமே அவருக்கும் தலைவலி வந்து ஒரு மேசை வாங்கியிருப்பாரு.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம திருவல்லிக்கேணியில வை.மு. கோதைநாயகி அம்மாள். அஞ்சரை வயசுல கல்யாணம். கதை சொல்ல நல்லா வரும், கோர்வையா எழுத வராது. சும்மா இருந்தாங்களா? தோழி பட்டம்மாளை உக்கார வச்சு வாயால சொல்லச் சொல்ல, அவங்க எழுதினாங்க. அப்படித்தான் 'இந்திர மோகனா' நாடகம் வந்துச்சு. அப்புறம் தானே எழுதப் பழகி, 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில எடுத்து, 115 நாவல். எழுத வராத காலத்துலயே அந்தம்மா எழுத ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க எம்.ஏ. படிச்சவரு, பொறுமைசாலி.

தியாகராய நகர்ல எழுத்தாளர் அசோகமித்திரன் பார்க்குல உக்காந்தே எழுதினவரு. உடனே நாளைக்கே பார்க்குக்குக் கிளம்பிடாதீங்க. போற வழியில நோட்டுக் கடை இருக்கு.

நம்ம வீட்டுல ஒண்ணு காட்டுறேன், இங்க வாங்க. மெதுவா, எம்மக குளிக்கப் போயிருக்கா. சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால ஆணியில தினசரிக் காலண்டர் தொங்குதுல்ல? கிழிச்ச தாளெல்லாம் எங்க போகுதுன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா? இந்தா, கம்பியில குத்தி வச்சிருக்கா. பேனா நூல்ல கட்டியிருக்கு, பய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு. குக்கர் மூணு விசில் அடிக்கிறதுக்குள்ள எழுதுறா. முதல்ல பால் கணக்கு எழுதத்தான் ஆரம்பிச்சா. இப்பப் படிங்க:

'பால் 3. மாடி வீட்டக்கா தோசைமாவு கேட்டாங்க. போன வாரக் கிண்ணம் இன்னும் வரலை. மாவு கொடுத்தேன், கிண்ணம் கொடுக்கலை.'

'பால் 2. அப்பா இருமல் குறைஞ்சிருக்கு. பீடி எங்கே ஒளிச்சு வச்சிருக்கார்னு தெரியும். சொல்லலை.'

ஆமா, இதை நான் போன மாசமே படிச்சிட்டேன். இடத்தை மாத்திட்டேன். அடுத்த தாளுக்குப் போங்க.

'பால் 2. இன்னிக்கும் மேசையைத் திருப்பினார்.'

ஏன் மாப்ளே முகம் அப்படிப் போகுது? நல்ல வரி மாப்ளே அது! ஒரு சொல்லு கூட இல்ல, குறைய இல்ல. அந்த 'இன்னிக்கும்'ல இருக்கிற 'உம்' இருக்கே, அதுல உங்க ரெண்டு வருஷமும் இருக்கு.

புது நோட்டை அவகிட்டக் கொடுத்திடலாமான்னு யோசிக்கிறீங்க, தெரியுது. உங்க ரெண்டாவது நோட்டை நானே எடுத்துக் கொடுத்துப் பாத்தேன். புரட்டிப் பாத்துட்டு, 'இவ்வளவு நல்ல தாள்ல எழுதக் கை வராதுப்பா'ன்னு சொல்லி, சூடா இறக்கின சட்டிக்கு அடியில வச்சிட்டா. அட்டையில இருக்கிற வட்டம் காபிக் கறைன்னு நினைச்சீங்களாக்கும்.

இந்தாங்க, இன்னிக்குக் காலையில கிழிச்ச தாள். அவ பங்குதான் இது, அவ குளிச்சிட்டு வெளிய வர்றதுக்குள்ள எழுதிட்டுக் கம்பியில குத்திடுங்க. என்ன எழுதுறதா? எனக்குப் பீடி வாங்கிக் கொடுத்தது யாருன்னு மட்டும் எழுதிடாதீங்க. மத்தது உங்க இஷ்டம். அட, எதுக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? ராகுகாலம் எல்லாம் முன்பக்கத்துலதான் போட்டிருக்கான்.