உஸ்தாத் முன்னால் தொப்பை நிற்காது

ஆவடியில் ஏதாவது ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, படைக்கோ காவலுக்கோ ஆள் அனுப்பாத வீடு எது என்று தேடினால் கால்தான் வலிக்கும். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. சிப்பாய்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். குரூப் சென்டர், அதன் ரங்ரூட் பயிற்சி மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள் என்று ஊரைச் சுற்றி விசில் சத்தம்தான். ஓய்வு பெற்றவர்களும் பட்டாபிராம், மிட்டனமல்லி, திருமுல்லைவாயல் பக்கம் மனை வாங்கி, கேட்டில் பெயருக்கு முன்னால் பதவியைப் பெரிதாக எழுதிக் குடியேறிவிடுகிறார்கள். அவர்களில் ஒரு வகை மனிதரைப் பார்ப்போம். பெயர் வேண்டாம், சுபேதார் என்றே வைத்துக்கொள்ளலாம். வயது ஐம்பத்தாறு. மீசைக்கு மட்டும் மை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசர். பனிமலையில் ராக்காவல் நின்றவர். வீட்டுக்கு வந்த மருமகனையே சோபாவிலிருந்து எழுந்து நிற்க வைத்தவர். இப்பேர்ப்பட்டவர் ராணுவக் கேன்டீன் வரிசையில் நின்று ரம் கோட்டாவை மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து எழுபத்தைந்து வயதுக் குரல் ஒன்று லேசாகக் கனைக்கும். அவ்வளவுதான். குதிகால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரல் கால்சட்டையின் பக்கத் தையலைத் தேடும். டாக்டர் பத்து வருஷமாகச் சொல்லியும் அசையாத தொப்பை ஒரே நொடியில் முதுகெலும்பைத் தொடும். “உஸ்தாத்!”

அந்தப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தால் நமக்குப் பயம் வராது, பரிதாபம்தான் வரும். ஒரு காதில் கருவி, ஒரு முழங்காலில் பட்டை, மஞ்சள் பையில் பிரஷர் மாத்திரை. முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் சுபேதார் ரங்ரூட்டாக, அதாவது புதுச்சிப்பாயாக, இருந்த சில மாதங்கள் அவருக்குக் கவாத்து சொல்லிக்கொடுத்த உஸ்தாத். இன்று அவரால் சுபேதாரின் லீவை வெட்ட முடியாது, பென்ஷனில் கை வைக்க முடியாது, பிட்டூ மூட்டையை முதுகில் கட்டி மைதானத்தைச் சுற்றி ஓட வைக்கவும் முடியாது. கூட ஓடிக் கண்காணிக்க முழங்கால் ஒத்துழைக்காது. அதிகாரம் போய்விட்டது, குரலும் பாதி போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: பழக்கதோஷம், மரியாதை, அடிபட்ட நினைவு. மூன்றும் போதாது என்பது என் கட்சி. சுபேதார் பயப்படுவது தண்டனைக்கு இல்லை, சாட்சிக்கு. தான் எப்பேர்ப்பட்ட அசடாக அந்த மைதானத்துக்குள் நுழைந்தோம் என்பதை நேரில் பார்த்த ஆள் இன்னும் உயிரோடு, அதுவும் ஆவடியிலேயே, இருக்கிறார்.

என்ன பார்த்தார் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கதி அங்கேதான் இருக்கிறது. ஒரு வயதில் நடக்கத் தொடங்கியவன் மனிதன். பத்தொன்பது வயது வரை பள்ளிக்கூடம், வயல், சினிமா தியேட்டர் என்று எல்லா இடத்துக்கும் ஒழுங்காகவே நடந்து போயிருக்கிறான். அவனைக் கொண்டுவந்து நிறுத்தி, “தேஜ் சல்” என்று ஒருவர் கத்தியதும் அந்தப் பதினெட்டு வருஷப் படிப்பு முழுவதும் மறந்துபோகிறது. இடது காலோடு இடது கையும் சேர்ந்து கிளம்புகிறது. திருத்தப் பார்த்தால் இரண்டு கையும் ஒன்றாக முன்னால் வருகின்றன. வலப்பக்கம் திரும்பச் சொன்னால் முப்பது பேர் வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் திரும்பி, பக்கத்தில் நிற்கிறவனோடு மூக்கு உரச நிற்கிறான். அந்த ஒருவன்தான் இன்றைய சுபேதார். இது தமிழனுக்கு மட்டும் வந்த கேடில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இடம் வலம் புரியாத கிராமத்துப் பையன்களுக்கு ஒரு காலில் புல்லையும் மறு காலில் வைக்கோலையும் கட்டிவிட்டு, “புல்லுக்கால், வைக்கோல்கால்” என்று சொல்லி நடத்தினார்கள் என்பது அங்கே வழங்கும் கதை.

போதாக்குறைக்கு ஆணைகள் எல்லாம் இந்தியில். 1965இல் இந்தியை எதிர்த்து ஊர் ஊராகக் கொதித்த மாநிலத்திலிருந்து போன பையன், சாவ்தான், விஷ்ராம், தாம், பீச்சே முட் என்று கற்றுக்கொண்டான். அவனுக்கு முதலில் தெரிந்த இந்தி முழுவதும் ஏவல்; அதில் “சாப்பிட்டாயா?” என்ற கேள்விக்கு இடமே இல்லை. மொழி புரியாமல் கவாத்து கற்பதும் புதிதில்லை. 1778இல் வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் படைக்குக் கவாத்து சொல்லிக்கொடுக்கப் பிரஷ்யக்காரர் ஸ்டூபன் வந்தார். அவருக்கு ஆங்கிலம் போதாது. தன் மொழியில் திட்டித் தீர்த்தபின், உதவியாளரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் திட்டச் சொல்வாராம். திட்டு மொழிபெயர்ந்து வந்து சேரும் வரை நின்றுகொண்டிருந்தவனின் நிலையை யோசித்துப் பாருங்கள். நம் ரங்ரூட்டுக்கு அந்த உதவியாளரும் கிடையாது. என்ன திட்டு என்று அவன் புரிந்துகொள்ள ஆறு மாதமாயிற்று.

பழக்கதோஷம் என்கிறவர்கள் மணியடித்தால் வாயூறும் பாவ்லவின் நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆணையைக் கேட்டுக் கேட்டு உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் அதே ஆணை எந்த வாயிலிருந்து வந்தாலும் உடம்பு அசைய வேண்டும். ஒவ்வொரு ஜனவரி 26ஆம் தேதியும் தொலைக்காட்சியில் டெல்லி அணிவகுப்பு நடக்கிறது. அத்தனை சாவ்தானையும் கேட்டுக்கொண்டு சுபேதார் காலை டீபாயின் மேல் போட்டபடியே முறுக்கு தின்கிறார்; மூன்றாவது வரிசையில் ஒருவன் கை தாழ்ந்துவிட்டது என்று குறையும் சொல்கிறார். பெரியவரோ கேன்டீனில் ஆணை எதையும் இடவில்லை. கனைத்தார். சளி. உடம்பு ஆணைக்குப் பழகியிருந்தால் இந்த வித்தியாசம் வராது.

“பயமெல்லாம் இல்லை சார், மரியாதை” என்று சுபேதாரே சொல்வார். இதை எளிதில் ஒதுக்க முடியாது, அவருக்கு நிஜமாகவே மரியாதை உண்டு. ஆனால் அவருக்குத் தன் பழைய கர்னலிடமும் மரியாதை உண்டு. கர்னலைக் கல்யாண மண்டபத்தில் பார்த்தால் அருகில் போய் சல்யூட் அடித்துப் பிள்ளைகளை அறிமுகம் செய்கிறார். உஸ்தாதைப் பார்த்தால் முதலில் தூணுக்குப் பின்னால் போய்ச் சட்டையை உள்ளே செருகுகிறார். மரியாதைக்குத் தூண் எதற்கு? இன்னொன்று: உஸ்தாத் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், இவரோ சுபேதார். பட்டையும் நட்சத்திரமும் எண்ணிப் பார்த்து யார் யாருக்கு நாற்காலி என்று முடிவு செய்யும் உலகம் அது. அந்த உலகத்திலேயே முப்பது வருஷம் இருந்துவிட்டு, இவர் வரிசையில் தன் இடத்தை விட்டுக்கொடுத்து உஸ்தாதுக்குப் பின்னால் நிற்கிறார். சிறப்புக் காவல் படைக்காரர்கள் மட்டும் மேலானவரை “ஐயா” என்று அழைத்துப் பழகியவர்கள். அங்கே எஸ்.ஐ. ஆகிவிட்டவரும் தன் பழைய கவாத்து ஏட்டைக் கண்டதும் ஐயாவை இரண்டு முறை சொல்கிறார்.

பதவி ஏற ஏறப் பயம் குறைய வேண்டும் என்பதுதான் நியாயம். நடப்பது தலைகீழ். சிப்பாயாகவே ஓய்வு பெற்று ஆட்டோ ஓட்டுகிறவர் உஸ்தாதைக் கண்டால் வண்டியை நிறுத்தி, “ஏறுங்க உஸ்தாத்” என்கிறார். இழக்க அவரிடம் பெரிய பிம்பம் இல்லை. அதிகாரிகள் பாடுதான் திண்டாட்டம். பரங்கிமலையில் 1963 முதல் அதிகாரிகளுக்கான பயிற்சிக்கூடம் நடக்கிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். அங்கே கவாத்து சொல்லிக்கொடுக்கும் ஹவில்தார், நாளை தனக்கு மேலதிகாரியாகப் போகிறவரை “சாப்” என்று விளித்துக்கொண்டேதான் வறுத்தெடுக்கிறார். பயிற்சி முடிந்த மறுநாள் அதே ஹவில்தார் அதே சாபுக்கு விறைப்பாக சல்யூட் அடிக்கிறார். அந்தக் கணத்தில் இருவர் மனத்திலும் ஓடுவது ஒரே படம்தான் என்று பந்தயம் கட்டலாம். அமெரிக்காவில் இதற்கு ஒரு சடங்கே வைத்திருக்கிறார்கள். புதிதாக அதிகாரியானவர், தனக்கு முதல் சல்யூட் அடிக்கும் கீழ்நிலை வீரருக்கு ஒரு வெள்ளி டாலர் கொடுக்க வேண்டும். பலர் அதற்குத் தம்மைப் பழக்கிய சார்ஜென்டையே தேடிப் பிடிக்கிறார்கள். நன்றிக்கடன் என்கிறார்கள். வாயடைப்புப் பணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடிபட்ட நினைவு என்ற மூன்றாவது காரணத்தில் உண்மை இருக்கிறது, சிரிக்க முடியாத உண்மை. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் ஒரு பயிற்சியாளர் தன் ரங்ரூட்டுகளை ராத்திரியில் சதுப்பு ஓடைக்குள் இறக்கிவிட்டார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே வேலூர் இருக்கிறது. தாடி, நெற்றிக்குறி, தலைப்பாகை விஷயத்தில் புது விதி போட்டு, மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கொடுத்ததன் விளைவு 1806 ஜூலை 10ஆம் தேதி கோட்டைக்குள் சிப்பாய்க் கலகமாகத் தெரிந்தது. பதினான்காம் லூயியின் புகழ்பெற்ற கவாத்து அதிகாரி மார்ட்டினே, 1672இல் முற்றுகை ஒன்றில் தன் பக்கத்துக் குண்டு பட்டே செத்தார். விபத்து என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இவையெல்லாம் கொடுமை வெறுப்பில் முடியும் என்பதையே காட்டுகின்றன. வெறுக்கிறவன் வரிசையில் இடம் விட மாட்டான், மகள் கல்யாணப் பத்திரிகையை முதலில் கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டான். சுபேதார் இரண்டையும் செய்கிறார், கூடவே நடுங்குகிறார். ஆகவே ரகடா என்ற பயிற்சித் தண்டனையின் வலி இவர் நடுக்கத்தை விளக்கவில்லை.

இனி வரப்போகிற தலைமுறைக்கு இது இருக்காது என்று சிலர் நினைக்கலாம். 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு வருஷம்தான் வேலை; நான்கில் ஒருவருக்கு மிகாமல்தான் தொடர முடியும். நான் அப்படி நினைக்கவில்லை. அசடாக இருக்க நான்கு வருஷம் தேவையில்லை, முதல் வாரமே தாராளம். வேலை ஒப்பந்தத்தில் வந்தாலும் பயம் நிரந்தரப் பணிதான், பென்ஷன் உட்பட.

என் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகச் சொல்லலாம். சாட்சிக்கு எதுவும் நினைவில்லை. உஸ்தாத் இருபது வருஷம் பேட்ச் பேட்சாகப் பையன்களைப் பார்த்தவர். இடம் வலம் மாறித் திரும்பியவன் ஒவ்வொரு பேட்சிலும் ஒருவன் இருந்தான். எல்லாரும் அவருக்கு ஒரே முகம்தான். பேரன் பெயரையே இரண்டு முறை தடுமாறிச் சொல்கிறவர் அவர். உண்மைதான், ஆனால் இது சுபேதாருக்குத் தெரியாது, தெரிந்தாலும் நம்பமாட்டார். பெரியவர் அடையாளம் தெரியாமல் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார், பழக்கத்தில் பார்வை செருப்பிலிருந்து தொடங்கி மேலே வருகிறது. நரைத்த புருவம் லேசாகச் சுருங்குகிறது. ஞாபகப்படுத்திக்கொள்கிறார் என்று சுபேதாருக்குக் குலை நடுங்குகிறது. “எந்த பேட்ச்பா நீ?” என்று உஸ்தாத் கேட்கிறார். கோர்ட்டில் கேட்டாலும் பொய் சொல்லாத சுபேதார், மூச்சை அடக்கி, நேர்பார்வை பார்த்து, ஒரு வருஷம் தள்ளிச் சொல்கிறார்.